பயிற்றுவிப்பாளர் மாறும்போது மைதானத்தில் மிஞ்சுவது என்ன?

புத்தாண்டு பிறக்கும்போது ஆசிரியர் இடமாற்றப் பட்டியலும் கூடவே வந்து சேர்கிறது. கணித ஆசிரியரோ விஞ்ஞான ஆசிரியரோ பெயர்ந்து போவதாகத் தெரிந்தால், பதிலாள் வராமல் அவரை விடுவிக்கலாகாது என்று பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள். மாலைதோறும் மைதானத்தில் நின்று உதைபந்தாட்டம் பழக்கிய ஆசிரியர் போகும்போது மாத்திரம் ஒரு பிரியாவிடைக் கூட்டமும் ஒரு பொன்னாடையும் போதுமென்று இருந்துவிடுகிறோம். அவரோடு எத்தனை ஆண்டுகளின் உழைப்பு ஊரைவிட்டுப் போயிற்று என்பது, அடுத்த பருவத்தில் அணி முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பும்போதுதான் தெரிகிறது. தெரிந்ததும், புதிதாக வந்தவரைக் குறைகூறத் தொடங்குகிறோம்.

பயிற்றுவிப்பாளர் மாறுவது இயற்கை. உத்தியோக உயர்வு, குடும்ப நிர்ப்பந்தம், வெளிநாட்டு வேலை, முதுமை என்று அதற்குக் காரணங்கள் பல உண்டு. எவரையும் ஒரே மைதானத்தில் கட்டி வைக்க இயலாது. ஆனால் ஒருவர் போய் இன்னொருவர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே, அது இயற்கையின் வேலை அன்று. அது நம்முடைய கவனக்குறைவு, திருத்தக்கூடிய கவனக்குறைவு.

பிள்ளைகள் இழப்பது

ஒருபுறம் மட்டக்களப்பு வாவி, மறுபுறம் வங்கக் கடல், நடுவே ஏறத்தாழ 40,000 மக்கள் நெருங்கி வாழும் ஒரு சிறு நிலத்துண்டு: இதுதான் காத்தான்குடி. வீட்டு முற்றம் என்று சொல்லத்தக்க வெளி பல வீடுகளில் இல்லை. அஸர்த் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை பாடசாலை மைதானத்திலும் கடற்கரை மணலிலும் கழியும் பொழுதே நம் இளைஞர் பலருக்குத் தேகத்தை விரித்து ஓடக் கிடைக்கும் ஒரே பொழுது. போதைப்பொருளைப் பற்றி ஊர் முழுவதும் அஞ்சிப் பேசும் இந்நாளில், அந்தப் பொழுதைக் கண்காணிக்கிற ஒரு பெரிய மனிதர் மைதானத்தில் நிற்பது எவ்வளவு பெரிய காவல் என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதற்கு மேலும் ஒரு பிரயோசனம் உண்டு. வலய மட்டத்திலிருந்து மாகாண மட்டத்துக்கும், அங்கிருந்து தேசிய மட்டத்துக்கும் ஏறும் மாணவன் கையில் வாங்கிவரும் சான்றிதழ், நாளை பொலிஸ், முப்படை, வங்கி முதலிய நேர்முகப் பரீட்சைகளில் பேசும் சான்றிதழ். தேசிய மட்டத்தில் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வாய்ப்பும் இருக்கிறது. இந்த ஏணியில் ஏறுவதற்கு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் காலம் 14 வயதிலிருந்து 19 வயதுவரை உள்ள சில ஆண்டுகளே. அதிலும் சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் படிக்கும் மாதங்களைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சொற்பம். அச்சொற்ப காலத்துள் இரண்டு மூன்று முறை பயிற்றுவிப்பாளர் மாறி, ஒவ்வொருவரும் தத்தம் முறையை ஆதியிலிருந்து புகட்டத் தொடங்குவாராயின், அந்தப் பிள்ளை கற்றுத் தேறுவது எப்போது?

வருகிறவர் யார், போகிறவர் யார்

நம் பாடசாலைகளில் உதைபந்தாட்டம் பழக்குவோரை நான் மூன்று வகையினராகக் காண்கிறேன். அரசாங்க நியமனம் பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவகை. அவர் இடமாற்ற விதிக்குக் கட்டுப்பட்டவர். ஊர்க் கழகங்களில் ஆடி ஓய்ந்து, பழைய மாணவர் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கொடுக்கும் சிறு படியை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அன்பின் நிமித்தம் வருகிறவர் இரண்டாம் வகை. அவருக்கு நியமனக் கடிதம் இல்லை, கால எல்லை இல்லை, படி நின்றால் கேட்கும் உரிமையும் இல்லை. பெரிய சுற்றுப்போட்டி நெருங்கும்போது வெளியூரிலிருந்து சில வாரங்களுக்கு வரவழைக்கப்படுகிற பெயர்பெற்றவர் மூன்றாம் வகை.

மூன்றாமவருக்கே மாலை மரியாதை அதிகம். அவர் வந்ததும் ஆட்டமுறை மாறுகிறது. நேற்றுவரை பின்களத்தில் நின்றவன் முன்களத்துக்கு வருகிறான், இரண்டாண்டு உழைத்த நடுக்கள வீரன் வெளியே உட்காருகிறான். சுற்றுப்போட்டி முடிந்ததும் அவர் போய்விடுகிறார். கலைந்த அணியை மீண்டும் கட்டும் வேலை மாத்திரம் உள்ளூராருக்கு எஞ்சுகிறது. வெளியூர் ஆசானிடம் கற்பதற்கு நிறைய இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அவரைச் சில வாரங்களுக்கு அழைப்பதானால், பிள்ளைகளைப் பழக்குவதற்கு அழைப்பதைவிட, நம் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளர்களைப் பழக்குவதற்கு அழைப்பதே நெடுநாள் பலன் தரும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

போகிறவர் மனத்தில் இருந்தவை

ஒரு நல்ல பயிற்றுவிப்பாளர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது, அவருடைய ஆட்ட ஞானத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நேர்கிறது. எந்தப் பிள்ளையின் கணுக்கால் சென்ற ஆண்டு சுளுக்கி இன்னும் முழுதாக ஆறவில்லை, எவன் வெயிலில் சீக்கிரம் சோர்ந்துபோவான், எவனுடைய வாப்பா மத்திய கிழக்கில் இருப்பதால் அவன் மாலையில் கடையைக் கவனித்துவிட்டுப் பிந்தித்தான் வருவான், எவனை அதட்டினால் திருந்துவான், எவனை அதட்டினால் அடுத்த நாள் வரவே மாட்டான், றமழான் மாதத்தில் நோன்போடு இருக்கும் பிள்ளைகளுக்கு எந்த வேளையில் எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம் என்றிவ்வாறு, பல்லாண்டுப் பழக்கத்தால் மாத்திரமே ஒருவர் அறியக்கூடிய விஷயங்கள் அனைத்தும், எழுதப்படாமல் அவர் மனத்தில் இருந்து, அவரோடேயே புறப்பட்டுப் போகின்றன.

புதியவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியாத காரணத்தால் ஆறாத கணுக்கால்காரனை முழு ஆட்டமும் ஓடவைக்கிறார். பிந்தி வந்தவனை அசிரத்தையுள்ளவன் என்று நீக்கிவிடுகிறார். அவர்மீது குற்றமில்லை. அவர் கையில் நாம் கொடுத்தது ஒரு மைதானத்தின் திறப்பும் நான்கு பந்துகளும் மாத்திரமே.

கைத்தறிக்குப் பெயர்போன இந்த ஊரில் ஒன்றை எளிதாகச் சொல்லலாம்: தறியில் அமரும் ஆள் மாறினாலும் பாவு மாறுவதில்லை, முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் நெய்கிறார். நம் பாடசாலை விளையாட்டில் பாவு என்று ஒன்றை நாம் இன்னும் போடவே இல்லை.

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஆண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் ஊர்க் கழகம் ஒன்றாவது உண்டு. மாணவியருக்கு அநேகமாகப் பாடசாலையே சகலமும். அங்கும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியையை நம்பியே யாவும் நடைபெறும். அவர் மாற்றலாகியோ பிரசவ விடுமுறையிலோ போனால், அன்றோடு வலைப்பந்து, கரப்பந்து, உதைபந்து எல்லாம் நின்றுவிடும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கைச் சம்பியன்களாக வந்ததை நாம் வியந்து பேசுகிறோம். ஒரு கிராமத்துப் பாடசாலை அந்த நிலையை எட்டுவதற்கு, ஒரு தலைமுறை மாணவியர் விலகும்போது அடுத்த தலைமுறை ஆயத்தமாக நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

வாவிக்கரையில் ஒரு முன்மாதிரி

தொடர்ச்சி என்றால் என்ன என்பதை அறிய நாம் தூர தேசம் போகவேண்டியதில்லை. வாவிக்கரையோடு சில மைல் சென்றால் போதும். மட்டக்களப்பு நகரில் நாம் போட்டிகளுக்குப் போய்வரும் வெபர் மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியான அருட்தந்தை ஹெரல்ட் வெபரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1940களின் பிற்பகுதியில் மட்டக்களப்புக்கு வந்த அவர், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டமும் மெய்வல்லுநர் விளையாட்டும் பழக்கி, 1998இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டை இம்மண்ணிலேயே கழித்தார்.

அவர் நெடுங்காலம் இருந்தார் என்பது மாத்திரம் விசேஷமன்று. அவரிடம் பழகியவர்கள் தாமே பயிற்றுவிப்பாளர்களாயினர். அவர் உழைத்துத் தேடிக்கொடுத்த மைதானம் சமய பேதமின்றி இம்மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் இன்றும் பயன்படுகிறது. ஒருவர் போன பின்பு எஞ்சுவதை வைத்தே அவரது பணியை அளக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே துறவியர் குழுவைச் சேர்ந்தவரும், திருகோணமலையில் கூடைப்பந்து அணிகளை வளர்த்துப் புகழ்பெற்றவருமான அருட்தந்தை யூஜின் ஹெபர்ட், 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற் போனார். அதே மாதம் 3ஆம் திகதிதான் எமது ஊரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தப் பிரதேசத்தில் ஆசான்களும் மாணவர்களும் இடையறுந்துபோனதற்கு இடமாற்றப் பட்டியல் மாத்திரம் காரணமாக இருந்ததில்லை. அப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்திருக்கிற நாம், அமைதிக் காலத்தில் இந்தத் தொடர்ச்சியைக் கைநழுவ விடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

தேசிய அணியின் அனுபவம்

பாடசாலையில் நிகழ்வது தேசிய அணியிலும் நிகழ்கிறது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைச் சுவீகரித்த இலங்கை, பின்னர் அக்கிண்ணத்தைக் கண்டதில்லை. அண்மைக் காலத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 2018இல் நம்மவரான நிஸாம் பக்கீர் அலி, 2020இல் அமீர் அலாகிச், 2022இல் ஸ்கொட்லாந்தின் அன்டி மொரிசன், 2024இல் குவைத்தின் அப்துல்லா அல்முதைரி என்று ஏழாண்டுக்குள் நால்வர் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்றார்கள். இடையில், 2023 ஜனவரி 21ஆம் திகதி முதல் ஓகஸ்ட் பிற்பகுதிவரை, வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டிச் சர்வதேச சம்மேளனமான ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்தது. ஒருவர் வகுத்த திட்டம் மற்றவர் வரும்போது பயனற்றுப் போவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நியாயமாகச் சொன்னால், கடைசியாக வந்தவரின் காலத்தில் நற்பலனும் விளைந்தது. 2024 செப்டம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கான ஆட்டத்தில் கம்போடியாவைத் தண்டனை உதைகளில் இலங்கை வென்றது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள், ஆதவன் இராஜமோகன் போன்ற புலம்பெயர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட, அணிக்கு வலுச்சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் நம் பிள்ளைகளே, வரவேற்கவேண்டியவர்களே. ஆயினும், ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சிறுவயது முதல் முறையாகப் பழக்கப்பட்டு வருகிறவனோடு காத்தான்குடிப் பையன் ஒருவன் அணியில் இடத்துக்குப் போட்டியிட வேண்டுமானால், அவனுக்கும் சிறுவயது முதல் அறுபடாத பயிற்சி கிடைத்திருக்கவேண்டும் அன்றோ?

ஆளை மாற்றினால் வெற்றி வருமா?

தோல்வி வந்ததும் பயிற்றுவிப்பாளரை மாற்று என்ற குரல் உலகெங்கும் எழுகிறது. அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் ஃபுட்போல் என்ற பெயரில் ஆடப்படுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டு. அதில் புழங்கும் பணமோ நமக்குக் கற்பனைக்கு எட்டாதது. டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்றுவிப்பாளரை விலக்கியபோது, ஒப்பந்தத்தின் மீதிக்காக அவருக்குச் சுமார் 7 கோடியே 60 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட நேர்ந்தது. பயிற்றுவிப்பாளர் விலகினால் மாணவ வீரர்களும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள அங்கே விதி இடமளிக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.

இவ்வாறு ஆளை மாற்றியதால் அந்த அணிகள் முன்னேறினவா என்று அட்லர், பெரி, டொஹெர்ட்டி என்னும் மூன்று ஆராய்ச்சியாளர் 1997 முதல் 2010 வரையான பருவங்களை எடுத்து ஆராய்ந்து, 2013இல் தம் முடிபை வெளியிட்டனர். மிக மோசமாக ஆடிவந்த அணிகளில், புதியவரை நியமித்ததால் குறிப்பிடத்தக்க வேறுபாடு நேரவில்லை. சுமாராக ஆடிவந்த அணிகளோ, அதே நிலையில் இருந்து பழையவரையே வைத்துக்கொண்ட அணிகளைவிடப் பின்தங்கின. நெதர்லாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றி 2011இல் பாஸ் டெர் வீல் வெளியிட்ட ஆய்வும், ஆளை மாற்றிய கழகங்கள் மீண்ட வேகத்திலேயே மாற்றாத கழகங்களும் மீண்டன என்று காட்டிற்று.

இதில் மர்மம் எதுவும் இல்லை. அணி தன் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதுதான் ஆளை மாற்றுகிறோம். தாழ்ந்த நிலையிலிருந்து அணி எப்படியும் கொஞ்சம் எழும்பும். எழும்பியதற்குப் புதியவரே காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அதற்காக ஒருவரையே ஆயுள்பரியந்தம் வைத்திருக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. நெடுநாள் இருப்பவரிடம் பட்சபாதம் வளர்வதும், அவர் தெரிவு செய்த பிள்ளைகளே எப்போதும் ஆடுவதும் நாம் காணாதவை அல்ல. பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்கிறவரையும் பணத்தில் நாணயமற்றவரையும் அன்றைக்கே விலக்கவேண்டும். வெறும் நீண்ட காலமும் போதாது. ஹைதராபாத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், 1950 முதல் 1963இல் மரணமாகும்வரை இந்திய அணியைப் பயிற்றுவித்து, 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வெல்லச் செய்தார். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்வரை அணியை உயர்த்தினார். அவருக்குப் பின் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு இன்றுவரை கிட்டவில்லை. எத்துணைப் பெரிய ஆசானாயினும், அவருக்குப்பின் தொடரும் ஏற்பாட்டை ஸ்தாபனம் செய்து வைக்காவிட்டால், அவர் எழுப்பியது அவரோடே சாயும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு பாடசாலையிலும் அணிப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டும். பிள்ளையின் பிறந்த திகதி, ஆடும் இடம், பட்ட காயங்கள், பயிற்சிக்கு வந்த நாட்கள், வீட்டு நிலைமை பற்றிய சுருக்கமான குறிப்பு, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எவை பழக்கப்பட்டன என்ற விபரம் ஆகியவை அதில் எழுதப்படவேண்டும். ஒரு கொப்பியும் பேனையும் போதும். போகிறவர் இதனை அதிபரின் கையில் ஒப்படைத்த பின்பே விடுவிப்புக் கடிதம் வழங்கப்படவேண்டும். இயலுமாயின் போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது ஒன்றாக மைதானத்தில் நிற்கவேண்டும்.

இரண்டாவது, எந்த அணியும் ஒற்றை ஆளை நம்பி இருக்கலாகாது. ஊர்க் கழகங்களில் ஆடி ஓய்ந்த இளைஞருள் ஒருவரை உதவிப் பயிற்றுவிப்பாளராக எழுத்து மூலம் நியமித்து, ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் டி, சி, பி என்று படிப்படியாக ஏறும் பயிற்றுவிப்புச் சான்றிதழ்களில் முதற்படிக்கேனும் அவரை அனுப்பவேண்டும். ஆசிரியர் இடம் மாறினாலும் இவர் ஊரில் இருப்பார். பெண்கள் பாடசாலைகளில் பழைய மாணவியர் இருவரை இவ்விதம் ஆயத்தப்படுத்துவது அவசரமான காரியம் என்று கருதுகிறேன்.

வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு. விளையாட்டுப் பருவத்தின் நடுவே பயிற்றுவிக்கும் ஆசிரியரை விடுவிக்காதிருத்தல் பெரிய சலுகையன்று. மட்டக்களப்பு மத்தி வலயத்துள்ளே காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று பாடசாலைகள் இருப்பதால், உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரும் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரும் ஒன்றாக அமர்ந்து, வயதுக்கு ஏற்ற பயிற்சித் திட்டம் ஒன்றை வலயம் முழுவதுக்கும் பொதுவாக வகுத்துக்கொண்டால், ஆசிரியர் எந்தப் பாடசாலைக்கு மாறினாலும் பிள்ளைகளுக்குப் பாடம் மாறாது.

பாடசாலைக்கு வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத நியமனக் கடிதமும் தவறாத படியும் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் அவரது வேலையை மீளாய்வு செய்யும்போது கிண்ணங்களை மாத்திரம் எண்ணாமல், எத்தனை பிள்ளைகள் கீழ்ப்பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு வந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றுவிட்டார்கள், பரீட்சையில் பின்தங்கினார்களா என்பவற்றைக் கேட்கவேண்டும். புதிதாக வருகிறவர் முதல் மூன்று மாதம் பழைய அணியையும் பழைய தலைவனையும் அப்படியே வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னர் மாற்றங்களைச் செய்வது நன்று. பெற்றோரும் முதல் மூன்று ஆட்டங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதிருக்கவேண்டும்.

இவற்றுக்குத் தேவைப்படும் பணம் அதிகமன்று. வெற்றி விழா ஒன்றுக்குப் பந்தலும் பதாகையும் விருந்துமாக நாம் செலவிடும் தொகை, உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் பல மாதப் படிக்குப் போதும். பழைய மாணவர் சங்கங்களும், நகர சபையும், பள்ளிவாசல்கள் முஸ்லிம் நிறுவனங்களின் சம்மேளனமும் சேர்ந்து ஊருக்குப் பொதுவான பயிற்றுவிப்பாளர் நிதியம் ஒன்றை நிறுவி, அதன் வரவு செலவை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த ஒரு விடயத்தை முதலாவதாகச் சேர்க்கும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர்கள் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறேன்.